முள் சரியாகத்தான் நின்றது

மூன்றாவது மீட்டரை எங்கே பொருத்துவது என்பதில் காலையிலிருந்தே அவளுடைய கணவருக்கும் அவளுடைய தம்பிக்கும் இழுபறி.

"மாமா, இது பைக்கா, ஏரோப்ளேனா? இன்னும் ஒண்ணு வெச்சா உங்களுக்கு ரோடே தெரியாது."

"ரோடு எனக்குத் தெரியும். நீ ஓட்டையை நேராப் போடு மச்சான்."

"எனக்கென்ன, போடுறேன். அடுத்த மாசம் வந்து மழை அளக்கிற மீட்டர் ஒண்ணு வைன்னு கேக்காம இருந்தா சரி."

வண்டி வாசலில் சென்டர் ஸ்டாண்டில் நின்றது. முன்னால் காற்றை மறிக்கும் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் துணிமணி வைக்கும் பெட்டிகள். நாள் கணக்கில் ஊர் ஊராகப் போவதற்கென்றே செய்த வண்டி. தெருவில் அதைத் திருப்புவதற்கே தனியாக இடம் வேண்டும். அவள் அதற்கு எருமை என்று பெயர் வைத்திருந்தாள். முன்பெல்லாம் அதைச் செல்லமாகச் சொல்வாள். இரண்டு வருஷமாக அந்தப் பெயரை அவள் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வலது முழங்கை முழுதாக நீளாது. போர்வை மாதிரிப் பெரிய துணி என்றால் ஒரு முனையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டுதான் மடிக்க வேண்டும். அதைப் பழகிவிட்டாள். பழகாதது வேலையிடத்தில். அவள் சீருடை தைக்கும் கம்பெனியில் துணி வெட்டுபவளாக இருந்தவள். நீள மேஜையில் துணியை விரித்து, பெரிய கத்தரியை வைத்தால் அந்தக் கோடியில்தான் எடுப்பாள். இப்போது பட்டன் மேஜையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். சின்னப் பெண்கள் உட்காரும் மேஜை. அவர்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டு, தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்கள். அவர்கள் அப்படி மரியாதையாக நடத்துவதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

இந்த மீட்டர்கள் எல்லாம் அவளுக்காகத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கணவர் சொன்னார், தம்பி சொன்னான், அவருடைய பைக் குழுவில் இருப்பவர்கள் போன் செய்து சொன்னார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை குழு டூர் கிளம்புகிறது. தம்பதியாக வருபவர்கள் பட்டியலில் கணவர் இருவர் பெயரையும் சேர்த்துவிட்டார். அவளிடம் கேட்டது அதற்கப்புறம்தான்.

"முதல்ல ஒரு தடவை உக்காந்து பாக்கிறேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். "ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வருவோம். மனசு அடிச்சுக்காம இருந்தா வரேன். இல்லேன்னா என்னை விட்டுடணும்."

"சரி" என்று அவர் உடனே சொன்னார். அந்த வேகத்திலேயே அவர் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று தெரிந்தது. இந்தத் தடவையும் அவள் மாட்டேன் என்றால் பின் இருக்கை இனி காலியாகத்தான் இருக்கும், அது வண்டியோடு நிற்காது, வீட்டுக்குள்ளும் வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

தெருவிலிருந்து தம்பியின் குரல் வந்தது. அவன் வண்டிகளுக்கு ஒயரிங் செய்பவன்.

"வோல்ட் மீட்டர் ஆச்சு. ஆயில் சூடு காட்டுறதும் ஆச்சு. இந்த ஆயில் பிரஷர் மீட்டருக்கு மட்டும் என் பேச்சைக் கேளுங்க மாமா. ஒயர்ல போடுற மாதிரி ஒண்ணு வருது. இஞ்சின்ல ஒரு சென்சாரைத் திருகிட்டு, ஒரு ஒயரை மேல இழுத்து மீட்டர்ல குடுத்தா முடிஞ்சுது."

"கரன்ட் கதையே வேண்டாம்."

"ஏன்?"

"அன்னிக்கு கரன்டை நம்பித்தானே கெட்டேன். பல்பு ஃபியூஸ். எனக்கு எண்ணெயே நேரா மேல வந்து முள்ளைத் தள்ளணும். நடுவுல யாரும் பேசக் கூடாது."

கணவர் எடை மேடையில் வேலை பார்ப்பவர். லாரிகளை ஏற்றி இறக்கி எடை குறிப்பார். டிரைவர்கள் சண்டைக்கு வந்தால், "என்கிட்ட ஏன்யா கத்துறே, மெஷின் சொல்றதைத்தானே எழுதறேன்" என்பார். வீட்டிலும் அப்படித்தான். ஜுரம் என்று அவள் சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டார். தெர்மாமீட்டரைத் தேடுவார்.

"சரி, உங்க வண்டி, உங்க எண்ணெய்" என்றான் தம்பி. "ஆனா அதுக்கு இஞ்சின்லேருந்து ஹேண்டில்பார் வரைக்கும் குழாய் போகணும். கம்பி வலை பின்னின ஹோஸ் போட்டாத்தான் பயமில்ல. அது வர்றதுக்கு நாளாகும்."

"பெட்டியிலேயே ஒரு குழாய் குடுத்திருக்கானே."

"அது நைலான் மாமா. ஊசி மாதிரி மெலிசா இருக்கு. சைலன்சர் பக்கம் காட்டினா வெண்ணெய் மாதிரி இளகிடும்."

"காட்டாம போடு. நீதான் பெரிய வேலைக்காரனாச்சே."

"புகழ்ந்தே கொல்லுங்க."

தம்பி அந்தக் குழாயை இஞ்சினிலிருந்து வெளிப்பக்கமாக வளைத்து, டேங்குக்கு முன்னால் கொண்டுபோய், பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டினான். பார்க்க நன்றாக இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கு டியூப் போட்ட மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது.

"அசிங்கமா இருக்குன்னு கையை வைக்காதீங்க" என்று தம்பி பெட்டியை மூடிக்கொண்டே சொன்னான். "அப்புறம் இஞ்சின்ல குழாயை மாட்டுற நட்டை ரொம்ப இறுக்காதீங்க. குழாய் உள்ளே நசுங்கிடும். கேக்குதா?"

"கேக்குது, கேக்குது."

தம்பி உள்ளே வந்து டீ குடித்தான். அக்காவைப் பார்த்து, "சூடு கண்ட பூனையை மறுபடி அடுப்பங்கரைக்குக் கூட்டிட்டுப் போக மனுஷன் என்ன பாடு படுறார் பாரு" என்றான்.

"பூனையைக் கேட்டாங்களா?"

"கேட்டா பூனை என்ன சொல்லும்?"

அவள் சிரித்துக்கொண்டே காலி டம்ளரை வாங்கினாள்.

அந்த விபத்தைப் பற்றிக் கணவர் ஒரே மாதிரிதான் சொல்வார். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். மலை இறங்கிக்கொண்டிருந்தோம், எண்ணெய் எங்கோ ஒழுகிக் குறைந்துபோய்விட்டது, அது குறைந்தால் எரிய வேண்டிய சிவப்பு பல்பு ஃபியூஸ் ஆகிக் கிடந்திருக்கிறது, இஞ்சின் இறுகி நின்றுவிட்டது, பின் சக்கரம் பூட்டிக்கொண்டு விழுந்தோம், இவள் முழங்கை உடைந்தது. "இத்துனூண்டு பல்பு. அது எரிஞ்சிருந்தா நான் அப்பவே ஓரங்கட்டியிருப்பேன்." கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அவளும் பக்கத்தில் நின்று டீ டம்ளரை நீட்டுவாள். முழங்கை மடங்கியே இருப்பதால் வந்தவர்கள்தான் கொஞ்சம் முன்னால் குனிந்து வாங்கிக்கொள்வார்கள்.

அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒன்று விடுபட்டிருந்தது.

அன்றைக்கு இறக்கத்தில் அவளுக்குக் கருகிய வாசனை வந்தது. காலடியில் எப்போதும் இருக்கும் அதிர்வு மாறி, உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி இருந்தது. அவர் தோளில் இரண்டு தரம் தட்டினாள். "என்னங்க, ஏதோ கருகுது. கால்ல வேற மாதிரி அதிருது" என்றாள். அவர் தலையைச் சற்றே திருப்பினார். இடது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து, ஈயை ஓட்டுகிற மாதிரி அசைத்தார். கை மறுபடி ஹேண்டிலுக்குப் போனது. அதற்கப்புறம் இரண்டு வளைவுதான்.

அவருக்குக் கேட்டதா கேட்கவில்லையா என்பது அவளுக்குத் தெரியாது. காற்று இருந்தது. இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. நிஜமாகவே ஈ வந்து உட்கார்ந்திருக்கலாம். இந்த இரண்டு வருஷமாக அவள் அந்த ஈயை உயிரோடு வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்துபோயிருக்கும். கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால்தான் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் வாசலுக்கு வந்தபோது கணவர் வண்டி முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி கட்டிய பட்டைகள் வெட்டப்பட்டுத் தரையில் கிடந்தன. குழாய் இப்போது வெளியே தெரியவில்லை. இஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ளே புகுந்து, டேங்குக்கு அடியில் மறைந்து, மீட்டருக்குப் பின்னால் வெளியே வந்தது.

"இப்பப் பாரு. கம்பெனியிலேயே போட்ட மாதிரி இல்ல?"

"தம்பி வேண்டாம்னானே."

"அவன் ஒயர்க்காரன். அவனுக்குக் குழாயைப் பத்தி என்ன தெரியும்." ஸ்பேனரை நட்டில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு இன்னொரு இழுப்பு. "ஒரு சொட்டு கசியக் கூடாது. நீ பின்னாடி உக்காரப் போறே."

கடைசி வாக்கியத்தை அவர் அவளைப் பார்க்காமல், நட்டைப் பார்த்துச் சொன்னார். நல்லதாக நினைத்துத்தான் செய்கிறார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் இரண்டு பேருக்கும் விடுமுறை. வெயில் ஏறுவதற்குள் போய் வந்துவிடலாம் என்று கிளம்பினார்கள். ஜாக்கெட்டின் வலது கைக்குள் முழங்கையை நுழைக்க அவர் உதவினார். குழந்தைக்குச் சட்டை போட்டுவிடுவதைப் போல மெதுவாக இழுத்துவிட்டார். அவள் இடது காலை ஊன்றி, அவர் தோளைப் பிடித்து ஏறினாள். உட்கார்ந்ததும் இருக்கை அவளை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி அமுங்கியது. மனசு அடித்துக்கொண்டது. அது வண்டியின் அதிர்வு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"ரெடியா?"

"ம்."

வண்டி தெருவைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறியது. ஹேண்டில்பாருக்கு மேலே மூன்று மீட்டர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவர் தோளுக்கு மேலாக அவளுக்கும் தெரிந்தன. கிரிக்கெட் கமென்டரி மாதிரி அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பிரஷர் நல்லா இருக்கு. பாத்தியா, கியர் மாத்தினதும் எப்படி எகிறுது. சூடு இன்னும் ஏறவே இல்ல. வோல்ட்டு சுத்தமா இருக்கு."

"முன்னாடி ஸ்பீடு பிரேக்கர்."

"பாத்தேன், பாத்தேன்." அவர் பார்க்கவில்லை. வண்டி துள்ளி இறங்கியது. "ஷாக் அப்ஸார்பரும் நல்லா இருக்கு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய முதுகும் குலுங்கியது. இந்த முதுகைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று.

கட்டிடங்கள் குறைந்து, இருபுறமும் மரங்கள் வந்தன. காற்று முகத்தில் ஈரமாக அடித்தது. பட்டன் மேஜையும், தண்ணீர் எடுத்துத் தரும் பெண்களும், தாடைக்கு அடியில் இடுக்கிய போர்வையும் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. தனக்கு இது எவ்வளவு பிடிக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அப்போது வலது கணுக்காலுக்கு மேலே வெதுவெதுப்பாக ஏதோ பட்டது.

சாலையில் தேங்கிய தண்ணீர் தெறித்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்தாள். சாலை காய்ந்து கிடந்தது. மறுபடியும் பட்டது. இந்த முறை சூடாக. கூடவே அந்த வாசனை. வாணலியை அடுப்பில் மறந்துவிட்ட மாதிரி.

தோளில் தட்டினாள்.

"என்னங்க, கால்ல ஏதோ சூடாப் படுது. கருகுற வாசனையும் வருது."

அவர் குனிந்து மீட்டர்களைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நிமிர்ந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு."

"எனக்குப் படுதுங்க."

"முள்ளு சரியாத்தான் நிக்குது. நீயே எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தாள். முள் சரியாகத்தான் நின்றது. பச்சைக் கோட்டுக்கு நடுவில், ஆடாமல் அசையாமல் நின்றது.

"நிறுத்துங்க."

"ஏரிக்கரை வந்துடுச்சு. அங்க நிறுத்திப் பாத்துக்கலாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நீல நிறத்தில் மெல்லிய புகை இழைந்துகொண்டு வந்தது. பின் டயரின் ஓரம் கறுப்பாகப் பளபளத்தது. மறுபடி தோளைத் தட்டக் கை எழுந்தது. தட்டவில்லை. வலது காலை மிதியிலிருந்து எடுத்து அந்தரத்தில் தொங்கவிட்டாள். எடை ஒரு பக்கம் சாய்ந்ததை அவர் உணர்ந்தார்.

"ஏய், என்ன பண்றே?"

"இப்ப நிறுத்தலேன்னா நான் இறங்கிடுவேன்."

கத்திச் சொல்லவில்லை. காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னாள். அவர் பிரேக் பிடித்தார். பின் டயர் ஒரு சாண் தூரம் பக்கவாட்டில் வழுக்கியது. இரண்டு காலையும் ஊன்றி, பல்லைக் கடித்து அவர் வண்டியை நிறுத்தினார்.

அவள் இறங்கி, சாலையோரத்தில் இருந்த பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போய் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். பேன்ட்டின் கீழ் ஓரம் எண்ணெயில் நனைந்திருந்தது. சூடு படாமல் துணியைக் காலிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வண்டி அடியில் தலையை விட்டுப் பார்த்தார். அந்த நட்டிலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, சூடான சைலன்சர் மேல் விழுந்து புகைந்தது. மிச்சம் காற்றில் பறந்து டயரில் அப்பியிருந்தது. கசிவு சிறியது. அதனால் பிரஷர் இன்னும் குறையவில்லை. முள் சொன்னது பொய்யில்லை. அவர் எழுந்து நின்றபோது முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"இஞ்சின்ல ஒண்ணும் இல்ல. குழாய்தான். நட்டுக்கு உள்ளே நசுங்கியிருக்கு."

போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார்.

"மச்சான், நீ போட்ட குழாய் கதை கந்தலாயிடுச்சு... ஆமா, ஏரிக்கரைக்குக் கொஞ்சம் முன்னாடி, பஸ் ஸ்டாப்பாண்ட... இல்ல, விழல. டயரெல்லாம் எண்ணெய். நல்லவேளை, நான் கவனிச்சு உடனே நிறுத்திட்டேன். குழாய் மாட்டின ஓட்டையை அடைக்க ஒரு போல்ட்டும், கொஞ்சம் எண்ணெயும் எடுத்துட்டு வா."

போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து, துணியால் கையைத் துடைத்தபடி அவள் பக்கத்தில் நின்றார்.

"வந்துடுவான்" என்றார்.

"அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"போல்ட் கொண்டு வரச் சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

யோசித்தார். யோசிக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்தக் கதையைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயைத் திறந்ததும் அப்படித்தான் வந்திருக்கிறது.

"ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். நீ சொன்னே, நான் நிறுத்தினேன். இதுல என்ன இருக்கு?"

"அன்னிக்கும் நான் சொன்னேன்."

'என்னிக்கு' என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி மட்டும் அதே விரலை மறுபடி மறுபடி துடைத்தது.

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

ஒரு லாரி கடந்து போனது. அந்தச் சத்தம் அடங்கும் வரை அவர் காத்திருந்தார்.

"கேட்டுச்சு."

இரண்டு வருஷமாகப் பாதுகாத்த ஈ அந்த ஒரு வார்த்தையில் செத்துப்போனது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. தலை மட்டும் லேசாக இருந்தது.

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"ஏற்கெனவே ஒரு தடவை நிறுத்தியிருந்தோம். பாத்ரூம் போகணும்னு நீ சொன்னே இல்ல, அதுக்கு." அவர் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். "நீ போனப்ப கேப்டன் எல்லார் முன்னாடியும் சொன்னான். உன் வண்டிக்கு பிரேக் கால்ல இல்ல, பின் சீட்ல இருக்குன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. கிளம்பினதுலேருந்து நாமதான் கடைசி. மறுபடியும் நிறுத்தினா..."

துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

கேப்டன் என்று அவர்கள் கூப்பிடுவது குழுவில் முதல் வண்டியை ஓட்டுகிறவரை. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தவர். தங்கச்சி, தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுபவர். ஒருவேளை அவருக்கு அந்தப் பேச்சு ஞாபகம்கூட இருக்காது.

அவள் எத்தனையோ காரணங்களை நினைத்துப் பார்த்திருக்கிறாள். பயந்துபோய்க் கை ஓடாமல் இருந்திருக்கலாம், பின்னால் பஸ் வந்திருக்கலாம், ஓரத்தில் பள்ளம் இருந்திருக்கலாம். கைக்கு ஈடாக ஏதாவது பெரிதாக இருக்கும் என்று நம்பியிருந்தாள். இது நாலு பேர் சிரித்த சிரிப்பு.

"அதுக்காகவா" என்றாள்.

"பல்பு நிஜமாவே ஃபியூஸ்தான். அதுல நான் பொய் சொல்லல."

"பொய்னு நான் சொல்லலியே. பல்பும் ஃபியூஸ்தான்."

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கையிலிருந்த எண்ணெய் நெற்றியில் அப்பியது. அவள் துடைத்துவிடவில்லை.

"எத்தனையோ நாள் சொல்லணும்னு வருவேன்" என்றார் கைக்குள்ளிருந்து. "நீயும் கேக்கல. உனக்கு மறந்திருக்கும்னு நினைச்சேன். இல்ல, மறந்திருக்கணும்னு நினைச்சேன். இந்த மீட்டரெல்லாம் வெச்சுட்டா, இனிமே நீ சொல்ல வேண்டிய அவசியமே வராதில்ல."

"நான் சொல்ல வேண்டாம்னுதான் வெச்சீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

தம்பி ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டான். "என்ன மாமா, டூர் ஏரியைக்கூடத் தாண்டல போலிருக்கே. நேத்தே சொன்னேன், இது பைக் இல்ல, ஏரோப்ளேன்னு..." இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டான். வண்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து உள்ளே பார்த்தான். பட்டைகளைக் காணவில்லை.

"இதை யாரு இந்தப் பக்கமாத் திருப்பினது?"

"நான்தான்" என்றார் கணவர்.

"நட்டை?"

"அதுவும் நான்தான்."

தம்பி குழாயைக் கழற்றி எடுத்தான். அதன் முனை சப்பையாகி, வாய் கோணியிருந்தது. ஓட்டையில் போல்ட்டை வைத்துத் திருக ஆரம்பித்தான்.

"இவன்கிட்ட சொல்லுங்க" என்றாள் அவள்.

"என்னத்தை?"

"இப்ப என்கிட்ட சொன்னதை. இவனும் இரண்டு வருஷமா பல்பு கதையைத்தானே கேட்டுட்டு இருக்கான்."

கணவர் தம்பியின் முதுகைப் பார்த்தார். "மச்சான், அன்னிக்கு அந்தப் பல்பு..." என்று தொடங்கி நிறுத்தினார். அவள் பெஞ்சிலிருந்து எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள். அவர் மறுபடி தொடங்கினார். இந்த முறை பாத்ரூமுக்கு நிறுத்தியதிலிருந்து சொன்னார். கேப்டன் சொன்னதைச் சொன்னார். அவள் தோளைத் தட்டியதைச் சொன்னார். "கேட்டுச்சு. கையை ஆட்டிட்டேன்" என்றார். சொல்லும்போது அவருடைய இடது கை தானாக எழுந்து காற்றில் ஒரு தரம் அசைந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பி போல்ட்டைத் திருகுவதை நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "அந்தத் துணியைக் குடுங்க" என்று மட்டும் சொன்னான். மாமா என்று சேர்க்கவில்லை. டயரைத் துடைத்தான். திரும்பத் திரும்பத் துடைத்தான். எண்ணெய் ஊற்றி, இஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்து அணைத்தான்.

"வண்டி ஓடும். மெதுவா வீடு வரைக்கும் போகலாம்" என்றான். பிறகு அக்காவைப் பார்த்தான். "நீ எதுல வரே?"

"உன்கூட."

கணவர் எதிர்பார்த்திருந்தார் போல. தலையைக் குனிந்துகொண்டு, "ஞாயித்துக்கிழமை நானும் போகல. கேப்டன்கிட்ட வரலேன்னு சொல்லிடறேன்" என்றார்.

"என்னன்னு சொல்லுவீங்க?"

"வண்டி சரியில்லேன்னு."

"வேண்டாம். போவோம்" என்றாள். அவர் நிமிர்ந்தார். "நீங்க வண்டியில போங்க. எல்லாரும் கூடுற இடத்துக்கு நான் பஸ்ல வரேன். இப்ப இவன்கிட்ட சொன்னதை அங்க சொல்லுங்க. கேப்டன் இருக்கும்போது, அவங்க பொண்டாட்டிங்க எல்லாம் இருக்கும்போது. சொன்னீங்கன்னா உங்க பின்னாடி ஏறுறேன். சொல்லலேன்னா அடுத்த பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பி வந்துடறேன். கோபமா இருக்க மாட்டேன். ஆனா இந்த வண்டியைப் பத்தி அப்புறம் என்கிட்ட பேசக் கூடாது."

"எல்லாரும் இருக்கும்போதா?"

"அவங்க சிரிப்புக்குப் பயந்துதானே."

"என்னை என்னன்னு நினைப்பாங்க?"

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அவர் கேட்டது அவளிடம் இல்லை என்று தோன்றியது. ஜாக்கெட்டைக் கழற்ற முயன்றாள். வலது கை மாட்டிக்கொண்டது. அவர் உதவ ஓரடி முன்னால் வந்தார். அதற்குள் தம்பி பிடித்து இழுத்துவிட்டான்.

ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள். தம்பி கிளப்பினான். நகைச்சுவை இல்லாத தம்பியின் முதுகு அவளுக்குப் புதிதாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், "அக்கா, அவர் சொல்லுவாரா?" என்று கேட்டான்.

"தெரியல."

"சொல்லலேன்னா?"

"அதான் சொன்னேனே, பஸ் இருக்கு."

பின்னால் அந்தப் பெரிய வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தத்துக்காக அவள் காது கொடுத்துக்கொண்டே வந்தாள். சாலை திரும்பும் வரைக்கும் அது கேட்கவில்லை.